வேண்டாத எழுத்து

நண்பர் ஒருவர், ரிட்டயர்டு தமிழாசிரியர். தென்காசிப் பக்கத்து ஆள். இப்போது முடிச்சூர்வாசி. அவரிடமிருந்து போன் வந்தால் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில் நான் விட்ட ஒற்றுப் பிழையைச் சொல்வதற்காகத்தான் இருக்கும். ‘ஓய், அங்க ஒரு க் வரணும்வே’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். நலமா கிலமா எதுவும் கிடையாது.

சென்ற மாதம் வந்த போனில் ஒற்றுப் பிழை இல்லை.

‘ஓய், அப்பா போயிட்டார்’ என்றார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அவருடைய அப்பா 1971லேயே போய்விட்டவர்.

நேரில் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அப்பா ஊரில் நாட்டு வைத்தியர். மூன்று நீள நோட்டுகளில் நுணுக்கி நுணுக்கி எழுதி வைத்திருந்தார். மருந்து, மழைக் கணக்கு, சொலவடை, யார் வீட்டில் யாருக்கு என்ன கொடுத்துக் குணமானது என்று எல்லாம். நண்பர் 2003ல் ரிட்டயர் ஆனதும் செய்த முதல் காரியம், கம்ப்யூட்டர் வாங்கி, இரண்டே விரல்களால் அத்தனையும் டைப் அடித்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நோட்டுகள் போயின. கம்ப்யூட்டரும் போனது. சாமி அலமாரியின் மேல் தட்டில் இருந்த ஒரு பென் டிரைவ் மட்டும் பிழைத்தது.

அதைப் புத்தகமாகப் போடலாம் என்று இந்த வருஷம் எடுத்திருக்கிறார். 2003ல் ஆளுக்கு ஒரு ஃபான்ட், ஃபான்டுக்கு ஒரு குறியீடு என்று இருந்த காலம். பேரன், இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம், அதை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தான். மாற்றும்போது வழக்கமான குப்பை சேர்ந்தது. நடு நடுவே கேள்விக்குறி, காலிக் கட்டம், கால் முளைத்த ஐரோப்பிய எழுத்து.

‘கவலைப்படாதே தாத்தா, ஒரே வரியில க்ளீன் பண்ணிடறேன்’ என்று சொல்லியிருக்கிறான்.

பண்ணிவிட்டான். அதே பெயரில் சேமித்தும் விட்டான்.

அந்த ஒரே வரியின் முக்கியமான பாகம் இதுதான்:

[^அ-ஹ ]

இந்தப் பக்கத்தில் நாவல்களை விமர்சித்திருக்கிறேன். சினிமாக்களை விமர்சித்து வசவு வாங்கியிருக்கிறேன். புரோகிராம் வரியை விமர்சிப்பது முதல் முறை. குறளுக்கு ஏழு சீர். இதற்கு, உள்ளே இருக்கும் இடைவெளியையும் சேர்த்து, ஏழே எழுத்து. ஏழு எழுத்தில் ஒரு மனிதரின் வாழ்நாளை அழிக்க முடிகிறது என்றால், அதைப் படித்துப் பார்க்க வேண்டியது நம் கடமை.

அர்த்தம் இதுதான். சதுர அடைப்புக்குள் ஒரு பட்டியல். முதலில் இருக்கும் தொப்பிக் குறிக்கு ‘இவை தவிர’ என்று பொருள். அ முதல் ஹ வரை உள்ள எழுத்துகளும் இடைவெளியும் தவிர மற்ற எதைக் கண்டாலும் தூக்கி எறி. பையன் நினைத்தது நியாயம்தானே? தமிழ் அ-வில் ஆரம்பிக்கிறது. கிரந்தத்தையும் சேர்த்தால் ஹ-வில் முடிகிறது. ஒன்றாம் வகுப்புச் சார்ட்டைப் பார்த்த எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

கம்ப்யூட்டர் ஒன்றாம் வகுப்பு படித்ததில்லை. அதற்கு எல்லாமே எண். யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அ என்பது 2949. ஹ என்பது 3001. துணைக்கால் 3006. புள்ளி 3021. கொம்பு, கொக்கி, சுழி எல்லாமே ஹ-வைத் தாண்டித்தான் குடியிருக்கின்றன. ஆய்தம் 2947, அதாவது அ-வுக்கு முன்னால். ஆகவே அந்த ஏழு எழுத்து, தமிழிலிருந்து அத்தனை புள்ளியையும் அத்தனை கால் கொம்பையும் ஆய்தத்தையும் ‘வேண்டாத எழுத்து’ என்று முடிவு செய்து உதிர்த்துவிட்டது. ‘தமிழ் மொழி’ என்பது ‘தமழ மழ’ ஆயிற்று. குடி, கொடி, காடு, கூடு, கேடு ஐந்தும் ‘கட’ ஆயின. அஃது என்பது ‘அத’ ஆயிற்று.

எண்களும் போயின. 0 முதல் 9 வரை அந்தப் பட்டியலில் இல்லை. இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

*

முதலில் கருவியைப் பாராட்டிவிடலாம். அதற்குத் தகுதி உண்டு.

ரெகுலர் எக்ஸ்பிரஷன், செல்லமாக ரெஜெக்ஸ், பிறந்தது கம்ப்யூட்டருக்காக அல்ல. 1943ல் மெக்கல்லக், பிட்ஸ் என்ற இருவர் மூளை நரம்புகள் எப்படித் தர்க்கம் செய்யக்கூடும் என்று ஒரு மாதிரி வரைந்து காட்டினார்கள். அந்த நரம்பு வலையால் எந்தெந்த நிகழ்ச்சிகளை அடையாளம் காண முடியும் என்று யோசித்த ஸ்டீஃபன் க்ளீனி என்ற கணித மேதை, 1951ல் அதற்கு ஓர் எழுத்துமுறையைக் கண்டுபிடித்தார். 1956ல் அச்சாயிற்று. ‘இது எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், வராமலும் போகலாம்’ என்பதற்கு அவர் போட்ட நட்சத்திரம் இன்றும் க்ளீனி நட்சத்திரம்தான்.

1968ல் பெல் லேப்ஸில் இருந்த கென் தாம்ஸன், பின்னாளில் யூனிக்ஸ் செய்த அதே தாம்ஸன், இந்தக் கணக்கைத் தேடும் யந்திரமாக்கினார். அதிலிருந்து எடிட்டர், எடிட்டரிலிருந்து 1973 வாக்கில் க்ரெப், பிறகு 1987ல் பெர்ல் என்று பரவி, இன்று கம்ப்யூட்டர் மொழி என்று பெயர் வைத்துக்கொண்ட எல்லாவற்றிலும் புகுந்துவிட்டது. பெர்லைச் செய்த லாரி வால் மொழியியல் படித்தவர் என்பது நமக்கு உற்சாகமான செய்தி.

ஆயிரம் பக்கத்தில் இரட்டை இடைவெளி எங்கெல்லாம் இருக்கிறது? ஒரு நொடி. வரி முடிவில் தொங்கும் இடைவெளி? ஒரு நொடி. பத்து ஆள் பத்து நாள் உட்கார்ந்து செய்ய வேண்டியதை ஒரு வரி செய்கிறது. முதல் தடவை அது வேலை செய்வதைப் பார்க்கும்போது ஏற்படும் கர்வம் இருக்கிறதே, அதுதான் ஆபத்து.

அமெரிக்க புரோகிராமர் ஜேமி ஸவின்ஸ்கி 1997ல் அடித்த ஜோக் பிரசித்தம். ஒரு பிரச்னையை ரெஜெக்ஸால் தீர்க்கலாம் என்று கிளம்புகிறவனுக்கு அந்தக் கணத்திலிருந்து பிரச்னை இரண்டு என்பது அதன் சாரம். வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். 2016 ஜூலை 20ம் தேதி ‘ஸ்டாக் ஓவர்ஃப்ளோ’ சிரிக்கவில்லை. புரோகிராமர்கள் சந்தேகம் கேட்கும் அந்தத் தளம் 34 நிமிஷம் படுத்துவிட்டது. காரணம், வரியின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை உதிர்ப்பதற்காக எழுதிய ஒரு சின்ன ரெஜெக்ஸ். யாரோ ஒருவர் போட்ட பதிவில், ஒரே வரியின் நடுவே சுமார் 20,000 வெற்றிடங்கள் இருந்தன. யந்திரம் முதல் வெற்றிடத்திலிருந்து கடைசி வரை நடந்து, அங்கே வரி முடியவில்லை என்று கண்டு, இரண்டாவதிலிருந்து மறுபடி, பிறகு மூன்றாவதிலிருந்து மறுபடி... கூட்டினால் சுமார் 20 கோடி சோதனை. வேண்டாத எழுத்து ஒன்றும் செய்யவில்லை. அதை அகற்ற வந்தவன்தான் வீட்டைச் சாய்த்தான்.

இதில் ஒரு சோகமான தமாஷ் உண்டு. 1968ல் தாம்ஸன் எழுதிய முறையில் இந்த வியாதி கிடையாது. சாத்தியமான எல்லா வழிகளிலும் ஒரே சமயத்தில் நடந்து போகும் முறை அது. பின்னால் வந்தவர்கள் கூடுதல் வசதிகளுக்காகப் ‘போய்ப் பார், இல்லையென்றால் திரும்பி வா’ முறைக்கு மாறினார்கள். 2019 ஜூலை 2ம் தேதி க்ளவுட்ஃப்ளேர் கம்பெனியும் இதே போல ஒரு ரெஜெக்ஸ் வரியால், உலகம் பூராவும் 27 நிமிஷம் திணறியது.

சரி, இதெல்லாம் வேகம் பற்றிய புகார். என் புகார் வேறு.

*

ரெஜெக்ஸின் உண்மையான குறை, அதன் இலக்கணத்தில் ‘வேண்டாத’ என்ற சொல் இல்லாதது. ‘பட்டியலில் உண்டு’, ‘பட்டியலில் இல்லை’ இரண்டே. வேண்டும் வேண்டாம் என்பது படிப்பவனின் தீர்ப்பு. பட்டியல் போடுகிறவன் தனக்குத் தெரியாததையெல்லாம் வேண்டாதது என்று தீர்மானித்துவிடுகிறான். தனக்குத் தெரியாது என்பதும் அவனுக்குத் தெரிவதில்லை.

அநேக கம்ப்யூட்டர் மொழிகளில் ‘சொல்லில் வரும் எழுத்து’ என்பதற்கு ஒரு சுருக்கக் குறி உண்டு. ஜாவா ஸ்க்ரிப்டில் அதன் பொருள் ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண் 10, அடிக்கோடு 1. ஆக மொத்தம் 63. உலகத்தில் உள்ள மற்ற எழுத்தெல்லாம் சொல்லில் வராத எழுத்து. அதை வைத்துக்கொண்டு ஒரு தமிழ்ப் பக்கத்தைச் சுத்தம் செய்தால், மிஞ்சுவது பரிசுத்தமான வெள்ளைத் தாள்.

பைத்தான் பரவாயில்லை, தமிழ் தெரியும். ஆனால் அரைகுறை. க, ச, ட எல்லாம் எழுத்து என்று ஒப்புக்கொள்கிறது. புள்ளியும் கொம்பும் ‘எழுத்து’ அல்ல, எழுத்தின் மேல் ஏறிய ‘குறி’ என்று விட்டுவிடுகிறது. அதன் வழக்கமான ரெஜெக்ஸிடம் ‘தமிழ்’ என்று கொடுத்துச் சொற்களை எடுக்கச் சொன்னால், ‘தம’ என்று ஒன்றும் ‘ழ’ என்று ஒன்றும் எடுத்துக் கொடுக்கும். யூனிகோடு அமைப்பின் தொழில்நுட்ப விதி எண் 18, இப்படிப்பட்ட குறிகளையும் சொல்லோடு சேர்க்கத்தான் சொல்கிறது. சொல்கிறது.

அடிப்படைக் கோளாறு இதற்கும் முந்தையது. தொல்காப்பியருக்கு க் என்ற மெய் முதல். அதில் அ ஏறினால் க. யூனிகோடில் தமிழ் 1991ல் இடம் பிடித்தபோது, இந்தியமொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1988ல் செய்த இஸ்கி வரிசையை ஒட்டி, க என்பது முதல், புள்ளி அதன் மேல் வந்து உட்கார்ந்த ஒட்டு என்று ஆகிவிட்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்-16 என்ற முறையைத் தமிழக அரசு 2010ல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. ஆனால் உலகம் யூனிகோடில் வந்து நின்றுவிட்டது. அந்தச் சண்டையை மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை. ஒட்டாக வந்த புள்ளியை ஒட்டடை என்று நினைக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் நாம் மட்டும் பாவம் என்று நினைக்க வேண்டாம். கண்ணுக்கே தெரியாத எழுத்துகள் இரண்டு உண்டு. 8204, 8205. அகலம் பூஜ்யம். முதலாவது இரண்டு எழுத்தை ஒட்டவிடாமல் பிரிக்கும். இரண்டாவது ஒட்டி வைக்கும். க்-கும் ஷ-வும் சேர்ந்து ஒரே எழுத்தாகக் குழையாமல் தனித்தனியாக நிற்க வேண்டும் என்றால் நமக்கு முதலாவது தேவை. பாரசீக மொழிக்காரர்களுக்கு அது அன்றாடத் தேவை. சிங்களத்தில் ஸ்ரீ லங்கா என்று அந்த நாட்டின் பெயரை ஒழுங்காக எழுதுவதற்கு இரண்டாவது வேண்டும். ‘கண்ணுக்குத் தெரியாத குப்பை’ என்று இவற்றைத் துடைக்கும் வரிகள் எத்தனையோ புரோகிராம்களில் இருக்கின்றன. செல்போனில் அப்பா அம்மா குழந்தைகள் சேர்ந்து நிற்கும் குடும்பப் பொம்மை அனுப்புகிறீர்களே, அவர்களைச் சேர்த்து வைத்திருப்பதும் இந்த 8205தான். அதைத் துடைத்தால் அப்பா தனி, அம்மா தனி, பிள்ளைகள் தனி. கூட்டுக் குடும்பம் உடைவதற்கு மாமியார் தேவையில்லை, ரெஜெக்ஸ் போதும்.

*

நன்னூல் மாணாக்கர்களை வகை பிரிக்கும்போது உத்தமனுக்கு அன்னத்தைச் சொல்கிறது. நீரை விட்டுப் பாலை எடுப்பவன். கடைசி வகைக்கு நெய்யரியைச் சொல்கிறது. பன்னாடை. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்கிறவன். அன்னமும் பன்னாடையும் செய்வது ஒரே வேலைதான், வடிகட்டுவது. எது வேண்டும் என்று தெரிவதில்தான் வித்தியாசம்.

இன்னும் வீட்டுக்குப் பக்கத்தில் உதாரணம் வேண்டுமென்றால், முறம். பாட்டி புடைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கண் முறத்தில் இருக்கிற அரிசியில் மட்டும் இருக்காது. கீழே விழுகிறதிலும் இருக்கும். உமியோடு அரிசி விழுந்தால் உடனே கை மாறும். ரெஜெக்ஸில் முறம் உண்டு. கீழே பார்க்கிற கண்தான் இல்லை.

நம் ஊரில் இதற்கு முன்னுதாரணமே இருக்கிறது. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகர ஒகரத்தில் குறில் நெடில் வித்தியாசம் கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம். அதாவது பேரனின் ஏழு எழுத்து, தாத்தாவின் கோப்பை ஏட்டுச் சுவடிக்கும் முந்தைய நிலைக்குக் கொண்டுபோய்விட்டது. அப்படிப்பட்ட சுவடிகளை வைத்துக்கொண்டுதான் உ.வே.சாமிநாதையர் 1887ல் சிந்தாமணியையும், 1894ல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்தார். அவர் செய்ததும் ஒரு வகையில் வேண்டாத எழுத்தை நீக்குவதுதான். ஏடெழுதினவனின் கைப்பிழை, செல் அரித்த இடம், இடைச்செருகல். ஆனால் ஒரு பிரதியில் ஒன்றும் இன்னொன்றில் வேறொன்றும் இருந்தால், தனக்குச் சரி என்று பட்டதை மேலே போட்டு, மற்றதைக் கீழே குறித்து வைத்தார். பாடபேதம். நான் தவறாகவும் இருக்கலாம், நீயே பார்த்துக்கொள் என்று நூறு வருஷத்துக்கு அப்பால் உள்ள வாசகனிடம் சொல்லும் பணிவு அது.

ரெஜெக்ஸில் நீக்கப்பட்டதற்கு அடிக்குறிப்பு கிடையாது. ‘வெற்றுச் சொல்லால் மாற்று’ என்பதுதான் கட்டளை. போனது போனதுதான். இதுதான் என் விமர்சனத்தின் சாரம். கருவி அபாரம். அதைப் பழக்கும் பாடங்கள் எல்லாம் நீக்கக் கற்றுக்கொடுக்கின்றன. நீக்கியதைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பவை குறைவு.

ஆகவே சுத்தம் செய்யக் கிளம்பும் இளைஞர்களுக்கு மூன்று சொல்கிறேன். ஒன்று, மூலத்தைத் தொடாதே. நகலில் வேலை செய், வேறு பெயரில் சேமி. இரண்டு, நீக்குவதற்கு முன் எதெல்லாம் நீங்கப் போகிறது, ஒவ்வொன்றும் எத்தனை தடவை என்று ஒரு பட்டியல் எடுத்துப் படி. அதையும் அதே ரெஜெக்ஸ் செய்து கொடுக்கும். புள்ளி மட்டும் பல்லாயிரம் தடவை என்று பட்டியலில் வந்திருந்தால் பேரனின் கை நின்றிருக்கும். மூன்று, ‘இவை தவிர எல்லாம்’ என்று வெட்டாதே, ‘இவற்றை மட்டும்’ என்று பெயர் சொல்லி வெட்டு. கேள்விக்குறியும் காலிக் கட்டமும்தான் தொந்தரவு என்றால் அதை மட்டும் எழுது. பட்டியலில் விட்டுப்போனது குப்பையாக மிஞ்சும், அவ்வளவுதான். குப்பை மிஞ்சினால் நாளைக்குப் பெருக்கிக்கொள்ளலாம்.

*

தாத்தாவும் பேரனும் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள்.

முதல் இரண்டு அத்தியாயங்களை எப்போதோ ஒரு சிநேகிதருக்கு ஈமெயிலில் அனுப்பியிருந்தார். அவை கிடைத்துவிட்டன. பாக்கி 140 பக்கம், புள்ளியில்லாத எலும்புக்கூடு. பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். மூன்றாம் நாள் ஒரு காரியம் செய்தான். மதுரைத் திட்டத்தின் மின்நூல்களிலிருந்து சொற்களை எடுத்து ஒரு பட்டியல் தயாரித்தான். ‘க, அதன் பின் ஏதாவது ஒரு குறி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிறகு ட, அதன் பின்னும் அப்படியே’ என்று எழுதி, ஒவ்வோர் எலும்புக்கும் பொருந்தக்கூடிய சொற்களையெல்லாம் திரையில் கொண்டுவந்தான். எழுதியது எதில்? ரெஜெக்ஸில்தான். கெடுத்த அதே கை.

தாத்தா உட்கார்ந்து பொறுக்குகிறார். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். ‘முக்காவாசி அந்தப் பட்டியலைப் பார்க்கவே வேண்டாம் ஓய், அப்பா பேசறது காதுல கேட்குது’ என்றார்.

கேட்காத இடம் இரண்டு உண்டு.

ஒன்று, எண்கள். சூரணத்துக்கு எத்தனை மிளகு, கஷாயம் எத்தனை நாள் என்பதற்கு எந்தச் சொற்பட்டியலும் உதவாது. அந்த இடங்களைக் காலியாகவே விடுகிறார். ‘கவிதைன்னா ஊகிக்கலாம்வே. மருந்துல ஊகிக்கப்படாது’ என்றார்.

இன்னொன்றைத் திரையில் காட்டினார். மழைக் கணக்கு எழுதிய பகுதி. பாதிப் பக்கத்தில் தனியாக ஒரு வரி:

இநதக கட அழயம

‘இந்தக் காடு அழியும்னு எழுதினாரா, இந்தக் குடி அழியும்னு எழுதினாரா? ரெண்டையும் சொல்லக்கூடிய மனுஷன்தான். எப்ப எழுதினார்னு வருஷம் போட்டிருந்தது. அதுவும் எண்ணுதானே, போச்சு.’

‘என்ன செய்யப் போகிறீர்கள்?’

‘காடுன்னு மேல போட்டிருக்கேன். குடின்னு கீழ போட்டிருக்கேன்’ என்றார். ‘பாடபேதம்.’

பேரன் தலை நிமிராமல் ‘அழியும்ல கூட சந்தேகம் இருக்கு தாத்தா’ என்றான். அவனுக்கும் இப்போது கீழே பார்க்கிற கண் வந்துவிட்டது.